தானாய் இறங்கிய அம்மன்

1

அப்பாவின் திவசத்தன்றுதான் அந்தக் கடிதம் வந்தது.

நோர்வேயில், பேர்கனிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் வரும் சிறு நகரத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. இருபத்தைந்து வருடமாக மற்றவர்களின் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறேன். திவச நாளுக்கு மட்டும் கட்டாயம் லீவு கேட்பேன். காரணத்தைப் படிவத்தில் எழுத வேண்டும். 'தகப்பன் இறந்த நாள்' என்று எழுதிவந்தேன். மூன்றாம் வருடம் பொறுப்பாளர் பழைய படிவங்களையும் எடுத்து மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, உங்கள் தகப்பன் எத்தனை தரம் இறந்தவர் என்று கேட்டார். மூன்று படிவத்திலும் மூன்று திகதி. திதி என்றால் என்ன, அது ஏன் வருடா வருடம் இடம் மாறுகிறது என்பதை என்னுடைய நோர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்தப் பார்த்தேன். பிறையைப் பற்றிப் பேசப் போய் எதையோ சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல் தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு 'சொந்தக் காரணம்' என்று மட்டும் எழுதுகிறேன்.

இந்த முறை பூசணிக்காய்க் கறியை இறக்கிவைத்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தால் ஏழு பக்கக் கடிதம். லண்டனில் இருக்கும் ஒரு படக் கொம்பனி அனுப்பியிருந்தது. எங்கள் ஊர்க் கோயிலின் கதையைப் படமாக எடுக்கிறார்கள். காட்டப்படும் சம்பவங்கள் என் தந்தையாரின் வாழ்வில் உண்மையாகவே நடந்தவை என்று நான் உறுதி கூற வேண்டும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து, கடவுச்சீட்டின் பிரதி, இரண்டு சாட்சிகள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. 'உண்மையாகவே' என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

2

படத்தை எடுக்கும் கஜனை அதற்கு முந்திய மாரிகாலத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன். என் மகள் சிந்து ஒஸ்லோவில் ஒலிப்பதிவு படித்தவள். அவனோடு வேலை செய்யச் சேர்ந்திருந்தாள். அவள்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். லண்டனில் வளர்ந்தவன். சப்பாத்தை வாசலில் நேராக வைத்தான், கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், என்னை 'அன்ரி' என்றான். இவ்வளவு மரியாதையாக இருக்கிற பிள்ளைக்கு என்ன தேவையோ என்றுதான் நினைத்தேன்.

தேவை இருந்தது. அவன் பையிலிருந்து எங்கள் கோயிலின் வரலாற்றுச் சிறு புத்தகத்தை எடுத்தான். யாழ்ப்பாணத்துப் புத்தூரில், தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன அம்மன் கோயில் அது. அப்பா அதற்குத் தர்மகர்த்தாவாக இருந்தவர். இப்போது என் தம்பி நந்தன் தலைவர். அவன் நெல்லியடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். புத்தகத்தில் உள்ள கதை இதுதான். பெரிய இடப்பெயர்வின்போது, ஆமி வருகிறது என்று ஊர் முழுவதும் வெளிக்கிட்டுப் போக, காவலுக்கு ஆளில்லாத கோயிலில் அம்மன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள உள்வீதிக் கிணற்றில் இறங்கினாள். அரை வருடம் நீருக்குள் தவம் இருந்தாள். சனம் திரும்பி வந்ததும் கிரீடத்தின் ஒளியைக் காட்டி மேலே வந்தாள். தர்மகர்த்தாவுக்குத்தான் அந்தக் காட்சி முதலில் கிடைத்தது.

"உங்கடை அப்பாவின்ரை கண்ணாலைதான் படம் போகப்போகுது அன்ரி," என்றான் கஜன்.

வசனங்களைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு கட்டுத் தாள் தந்தான். அதில் எங்கள் ஊர் ஐயர் 'வர்றேன்' என்றார், அப்பா 'என்னப்பா சொல்றே' என்றார். நான் சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் வெட்டி 'வாறன்', 'என்ன சொல்லுறாய்' என்று எழுதினேன். மூன்று கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் வேலை. பேச்சு எங்களுடையதாக மாற மாற எனக்குள் ஒரு பயம் ஏறியது. பிழையான தமிழில் இருந்தவரை அது ஆரோ எழுதிய கதை. நான் திருத்திய பிறகு அப்பா உண்மையாகவே அப்படிச் சொல்லியிருப்பார் போல இருந்தது.

3

அந்தக் கதை ஒரே நாளில் வளர்ந்ததில்லை. நான் கல்யாணம் முடித்து இங்கே வந்த காலத்தில் 'அம்மன் கிணற்றில் இறங்கினா' என்பதோடு சரி. பிறகு ஒவ்வொரு திருவிழா முடிந்து வரும் தொலைபேசியிலும் ஏதாவது ஒன்று கூடியிருக்கும். ஒரு வருடம், கிணற்றுக்குள் சலங்கைச் சத்தம் கேட்டதாம். இன்னொரு வருடம், காவலுக்கு நின்ற ஆமிக்காரன் ஒருவன் கிணற்றடியில் சிவப்புப் பாவாடை கட்டிய சிறுமியைக் கண்டு துவக்கைப் போட்டுவிட்டு ஓடினானாம். அவன் பிறகு கதிர்காமத்துக்குக் காவடி எடுத்தான் என்று அதற்கடுத்த வருடம் சொன்னார்கள்.

எனக்குச் சலங்கையில்தான் முதல் சந்தேகம். சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத ஊரில், தொலைக்காட்சியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றரில் போட்டு விடிய விடியச் சாமிப் படம் பார்த்த சனம் நாங்கள். அம்மன் வரும் காட்சியில் திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவார்கள். அந்தப் படங்களில் அம்மன் வருவதற்கு முதல் சலங்கை கேட்கும். ஆபத்து நேரத்தில் சிவப்புப் பாவாடைச் சிறுமி வருவாள். எங்கள் அம்மனுக்கு அந்தச் சிறுமி எங்கேயிருந்து வந்தாள் என்று நான் ஆரையும் கேட்கவில்லை. இப்போது கஜன் அந்தச் சிறுமியை ஊரிலிருந்து எடுத்து மறுபடி படத்துக்குள் விடப்போகிறான். ஊர்ச்சனம் அதைப் பார்த்து, எங்கள் கோயிலில் நடந்ததை அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லப்போகிறது.

பிறரைக் குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை. என்னை இங்கே கூப்பிட என் கணவர் விண்ணப்பித்தபோது, கல்யாணப் படங்கள் போதாது, கல்யாணம் உண்மையானதா என்று சந்தேகமாக இருக்கிறது என்று குடிவரவுக் கந்தோரிலிருந்து திருப்பி எழுதினார்கள். எங்களுடையது கொழும்பில் ஆறு பேரோடு நடந்த கல்யாணம். மூன்றே படங்கள். கடைசியில் அவர் திரும்பவும் கொழும்புக்கு வந்து, வாடகை மாலை, வாடகை மணவறை, லொட்ஜில் நின்ற முன்பின் தெரியாத சனத்தைச் சுற்றிவர நிற்பாட்டி முப்பத்தாறு படம் எடுத்தோம். விசா வந்தது. தாலி கட்டினது உண்மை, படம் நடிப்பு. அவர்கள் நடிப்பைத்தான் நம்பினார்கள்.

4

திவசம் முடிந்த சனிக்கிழமை சிந்து வந்தாள். படத்தின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு பெண்குரல் கதை சொல்ல வேண்டுமாம். அது என் குரலாக இருக்கட்டும் என்று கஜன் சொல்லியிருந்தான். படுக்கையறை அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்கு நடுவே மைக்கை வைத்து, என்னை அதற்கு முன்னால் கதிரையில் இருத்தினாள். உடுப்பு எதிரொலியைக் குடித்துவிடுமாம்.

பத்து வரிதான். நான் எழுதித் திருத்திய வரிகள். தாளைப் பாராமலே சொன்னேன். முடிந்ததும் சிந்து காதில் போட்டதைக் கழற்றவில்லை. திரும்பவும் ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு எனக்கும் கேட்கத் தந்தாள்.

என் குரல் சொன்னது: "அண்டைக்குப் பின்னேரம் அம்மனைக் கிணத்துக்குள்ளை இறக்கினது."

தாளில் இருந்தது, 'அம்மன் தானாய்க் கிணத்துக்குள்ளை இறங்கினா' என்று.

சிந்துவுக்குத் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ்தான். வீட்டில் பாதிக்கு மேல் நோர்வேஜியன் கதைப்பாள். திருவிழா, திதி எல்லாம் அவளுக்கு அம்மாவின் விஷயம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுத பிள்ளையை அடித்து அனுப்பியவள் நான். அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "அம்மா, இறங்கினா எண்டா அவவா இறங்கிறது. இறக்கினது எண்டா வேறை ஆரோ இறக்கினது. அப்பிடித்தானே?"

வாய் தவறிவிட்டது என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொல்ல வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து குசினிக்குப் போனேன். அவள் பின்னால் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். இருபத்தாறு வயதில் அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஆர் இறக்கினது?" என்று கேட்டாள்.

5

அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவும் பதினொரு வயது நந்தனும் சித்தப்பாவின் உழவு இயந்திரத்தில் மத்தியானமே தென்மராட்சிப் பக்கம் போய்விட்டார்கள். அப்பா கோயிலைப் பூட்டாமல் வரமாட்டேன் என்று நின்றார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் நின்றேன். ஐயரின் குடும்பம் காலையிலேயே போய்விட்டது. மேற்கே செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. திருவிழாவுக்கு வெளியே வரும் எழுந்தருளி அம்மன் ஐம்பொன் விக்கிரகம். அதை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது என்று அப்பாவுக்குத் தெரியும். தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. கிணற்றுக்குள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லில் ஒரு குடைவு இருந்தது. அதற்குள் வைக்கலாம். ஆனால் அப்பாவுக்கு மூச்சிழுப்பு. கிணற்றில் இறங்க மாட்டார்.

அப்போது மாணிக்கம் வெளி வாசலால் போனார். ஊரில் கிணறு இறைத்துச் சேறு அள்ளுகிறவர் அவர். எங்கள் கோயிலுக்குள் வரவிடாத சனத்தில் ஒருவர். திருவிழாவில் வெளி வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். என் அப்பாவிலும் மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைகள்கூட 'மாணிக்கம் வந்தவன்' என்றுதான் சொல்வோம். 'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அன்று எழுதியிருக்க மாட்டேன்.

அப்பா வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். "மாணிக்கம், உள்ளை வா."

"உள்ளையோ ஐயா?"

"ஓம். கெதியா வா. வேறை ஆளில்லை."

மாணிக்கம் உடனே வரவில்லை. வாசலுக்கு வெளியே இருந்த தொட்டியில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றினார். செல் விழுந்துகொண்டிருக்கும்போது அந்த மனிதர் குளித்தார். பிறகு இடுப்பில் ஈரச் சாரத்தோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக, படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

விக்கிரகத்தைத் தூக்கிவந்து கிணற்றடியில் வைத்துச் சாக்கால் சுற்றினார். முகத்தடிக்கு வந்ததும் அவருடைய கை நின்றது. முகத்தையும் மூடட்டோ என்று அப்பாவைக் கேட்டார். அப்பா மற்றப் பக்கம் திரும்பி நின்றார். நான்தான் "மூடுங்கோ" என்றேன். அவரோடு கதைத்தபோது என் வாயில் 'ங்கோ' வந்தது அதுவே முதல் தரம். அவர் நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கட்டினார்.

அப்பாவும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள அவர் கல்லில் கால் வைத்து இறங்கி, மூச்சடக்கி, குடைவுக்குள் அதை ஏற்றி வைத்தார். மேலே வந்தபோது முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. மனுசி காத்துக்கொண்டு நிற்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்தோம். கோயில் கூரையில் பாதி இல்லை. ஊர்ப் பெடியள் தண்ணீர் மெசின் பூட்டிக் கிணறு இறைத்தார்கள். தண்ணீர் வற்ற வற்ற, குடைவுக்குள் சாக்கு உக்கிப் போய்க் கிரீடம் தெரிந்தது. "அம்மன்," என்று ஒருவன் கத்தினான். சனம் ஓடிவந்து எட்டிப் பார்த்தது. ஐயரும் நின்றார். எல்லோரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஆர் வைத்தது என்று கேட்க ஒருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. அப்பா கையைத் தலைக்கு மேலே கூப்பினார்.

"அவ தானாய் இறங்கியிருக்கிறா," என்றார்.

நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். உண்மையைச் சொன்னால் என்ன நடந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஐயர் பிராயச்சித்தம் கேட்டிருப்பார். பாதி ஊர் அந்த அம்மனைக் கும்பிடாது. அப்பாவைத் தர்மகர்த்தாவாக இருக்க விடாது. வெளி வாசலில் நின்றவர்களுக்குள் மாணிக்கமும் நின்றார். இடத்தைக் காட்ட வந்திருந்தார் என்று நினைக்கிறேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, மற்றவர்களைப் போலவே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த நாள் அப்பா அவருக்கு ஒரு புது வேட்டி அனுப்பினார். அது பிரிக்காமல் திரும்பி வந்தது.

இவ்வளவு நாளும் இதை ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று சிந்து நோர்வேஜியனில் கேட்டாள். நீ கேட்கவில்லையே என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

6

கையெழுத்துப் போட மாட்டேன் என்று கஜனுக்கு அறிவித்தேன். காரணத்தைக் கேட்டான். சிந்துவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படுவான், படம் நின்றுவிடும் என்று பயந்திருந்தேன். அவனுடைய கண் மினுங்கியது. "இது இன்னும் நல்ல கதை அன்ரி," என்றான்.

இரண்டு கிழமையில் புதுத் தாள்கள் வந்தன. அப்பா இப்போது வில்லனாக இருந்தார். அதைப் பொறுத்துக்கொண்டு மேலே வாசித்தேன். மாணிக்கம் கிணற்றுக்குள் இறங்குகிறார். தண்ணீருக்கு அடியில் வெளிச்சம். சலங்கை. சிவப்புப் பாவாடைச் சிறுமி அவருடைய கையைப் பிடிக்கிறாள். மாணிக்கம் மேலே வருவதில்லை. பிறகு கிணற்றடியில் அவருக்கு ஒரு சிறு கோயில் எழும்புகிறது. எல்லாச் சாதிச் சனமும் அங்கே வந்து கும்பிடுகிறது.

அவர் மேலே வந்தவர் என்று கஜனுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு பதினாறு வருடம் இருந்தவர், சீனி வியாதியில் பெரியாஸ்பத்திரியில் செத்தவர்.

"தெரியும் அன்ரி. ஆனா சாமியைத் தொட்ட மனுசன் எழும்பிச் சும்மா வீட்டை போனா படம் முடியாது."

"அவர் வீட்டைதான் போனவர், தம்பி."

அவன் பொறுமையாக விளக்கினான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. நடந்ததை நடந்தபடி காட்டினால் சனம் சண்டை பிடிக்குமாம், எந்தச் சாதி, எந்தக் கோயில், யார் சொன்னது என்று. தெய்வம் ஆக்கிவிட்டால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள், அழுவார்கள். உயிரோடு இருக்கிற மாணிக்கத்துக்கு ஊர் பதில் சொல்ல வேணும். செத்துச் சாமியானால் கும்பிட்டால் போதும். இதை அவன் என்னை மடக்கச் சொல்லவில்லை, தொழில் இரகசியம் சொல்லித் தருவதுபோலத்தான் சொன்னான். எனக்குக் கிணற்றடியில் கைகூப்பி நின்ற அப்பாவின் முதுகு தெரிந்தது. அவரும் ஒரு வரியில் இதைத்தான் செய்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. கஜன் ஊரின் பெயரை மாற்றி, 'உண்மைக் கதை' என்பதை எடுத்துவிட்டு, வேறொரு மாவட்டத்தில் கோயிலும் கிணறும் தேடிப் போனான். வேலையை விடட்டோ என்று சிந்து கேட்டாள். விட வேண்டாம் என்றேன். என் குரலை மட்டும் அழித்துவிட்டதாகச் சொன்னாள். இப்போதும் எனக்கு ஒரு சந்தேகம். அவள் அதை எங்கேயோ வைத்திருக்கிறாள்.

7

மாணிக்கத்தின் மகள் தவமணி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீடு இன்னும் புத்தூரில்தான். பழைய மாணவிகளின் வட்சப் குழுவில் அவளுடைய இலக்கம் இருந்தது. அழைக்க எனக்கு ஒன்பது நாள் எடுத்தது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் 'நீர்' போட்டுச் சிநேகமாகக் கதைத்தவர்கள். அவள் 'நீங்கள்' என்றாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். முடிந்ததும் அவள் முதலில் கேட்டது, "இதை ரெக்கோட் பண்ணுறியளோ?" என்று.

இல்லை என்றேன்.

"அப்ப ஏன் கலா இப்ப சொல்லுறியள்? முப்பது வருசமா வராத ஞாபகம் படம் எடுக்கேக்கை வந்ததோ?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாணிக்கம் வீட்டில் மறைக்கவில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் வெளி வாசலில் நின்று, மைக்கில் அம்மன் தானாய் இறங்கிய கதையை வாசிக்கக் கேட்டுச் சிரிப்பாராம். கோபம் வரவில்லையோ என்று கேட்டேன்.

"வந்தது. சிரிச்சுக்கொண்டு கோவிக்கிற ஆள் அவர்," என்றாள்.

புதுப் படக்கதையைப் பற்றியும் சொன்னேன். அவளுடைய தகப்பன் கிணற்றுக்குள்ளேயே செத்துச் சாமியாவதையும் மறைக்கவில்லை. அந்தப் பதினாறு வருடமும் தானும் தாயும் அவருக்குச் சீனி மருந்து தேடித் திரிந்ததை இனி ஆரிடம் போய்ச் சொல்லுவது என்று கேட்டாள். கால் வெட்டி எடுத்த பிறகு அவரைத் தூக்கி இருத்தியவள் அவள்தான். பெயரை மாற்றிவிட்டார்கள் என்று நான் சொன்னது எனக்கே கேவலமாக இருந்தது.

வேண்டுமென்றால் வேறு ஒரு ஆளைப் பிடித்து உண்மைக் கதையைப் படமாக எடுக்கப் பார்க்கலாம் என்றேன். அவள் மறுத்தாள்.

"படத்திலை வந்தா அதுவும் ஒரு கதை எண்டு போயிடும். உங்கடை தம்பிதானே வருசா வருசம் மைக்கிலை வாசிக்கிறார். அவருக்குச் சொல்லுங்கோ. அதுக்குப் பயமெண்டா இனி எனக்குக் கோல் எடுக்காதேங்கோ."

கோயில் வாசல் இப்போது எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. உள்ளே போவதில்லையா என்று கேட்டேன். "நான் போறேல்லை," என்றாள்.

8

நந்தனுக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தேன். அப்பா சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே மைக்கில் வாசிக்கிறான் என்று பல வருடம் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அது பிழை. அவனும் மனைவியும் ஏழு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நாற்பத்தெட்டு நாள் முழுகி விரதம் இருந்து மகளைப் பெற்றவர்கள். அவனுடைய நம்பிக்கை உண்மையானது. அதனால்தான் என் நாக்கு கூசியது.

சொன்னேன்.

"அப்பா பொய் சொன்னவரோ?"

"அப்பா பயந்தவர்."

"அதைக் கேக்கேல்லை அக்கா. எனக்குப் பொய் சொன்னவரோ எண்டு கேட்டனான்."

"ஓம்."

அழைப்பைத் துண்டித்துவிட்டான். இரண்டரை மாதம் அவனுடைய சத்தமே இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு எடுத்தபோது மனைவிதான் கதைத்தாள், அவர் கடையில் என்றாள். பின்னால் அவனுடைய இருமல் கேட்டது. என்னை விட்டால் அவன் ஒருவன்தான் அப்பாவுக்குத் திவசம் செய்கிறவன். இருந்த ஒரு தம்பியையும் இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு விரிப்புகளை மடித்தேன்.

போன கிழமை, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் எடுத்தான். சுகம் விசாரிக்கவில்லை. நேற்றுத் தவமணி வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னான். வேலிப் படலையில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாளாம். பிறகு கதிரை போட்டாளாம். கோயில் புத்தகம் இந்த வருடம் திரும்ப அடிக்க வேண்டும், அதற்காகக் கேட்க வந்தேன் என்று சொல்லி, ஒரு கொப்பியில் எழுதி வந்திருக்கிறான். நான் சொன்னதும் அவள் சொன்னதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்திருக்கிறான். எல்லாம் ஒத்துத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர.

இடப்பெயர்வின் நடுவில் மாணிக்கம் இரண்டு தரம் ஆளில்லாத ஊருக்குள் களவாகத் திரும்பி வந்து, கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனாராம். அம்மன் இருக்கிறாவா என்று பார்க்க.

"இது உண்மையோ அக்கா?" என்று கேட்டான். "அப்ப ஆர் அந்தப் பக்கம் போயிருக்கேலும்?"

எனக்கும் அதே நினைப்புத்தான் வந்தது. அந்த மாதங்களில் பாதை எல்லாம் பூட்டு. போனவன் திரும்பியிருக்க மாட்டான். தகப்பனை நினைத்து ஒரு மகள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

"நான் அங்கை நிக்கேல்லை நந்தன்," என்றேன். "அப்பா சொன்னதை நீ ஒரு கேள்வியும் கேக்காமல் இவ்வளவு வருசம் வாசிச்சனி. அவ சொன்னதையும் அப்பிடியே எழுது."

அவன் எழுதுவானோ, கொப்பியை மூடுவானோ தெரியவில்லை. நிர்வாக சபையில் எத்தனை பேர் எழும்பிப் போவார்கள் என்றும் தெரியவில்லை. ஆனால் இனித் தான் மைக்கில் வாசிக்கப் போவதில்லை என்றான். தவமணியைக் கேட்டானாம், திருவிழாவில் அவளே வாசிப்பாளா என்று.

"என்ன சொன்னவ?"

"உள்ளை வரமாட்டாவாம். தகப்பன் நிண்ட இடத்திலை, வெளி வாசலிலை மைக் வைச்சா வாசிக்கிறன் எண்டவ." பிறகு கடைக்காரனின் குரலில் சொன்னான், "அவ்வளவு தூரத்துக்கு எங்கடை மைக் வயர் காணாது அக்கா. இன்னும் முப்பது யார் நீளம் வேணும். நாளைக்குக் கடையிலை வெட்டி எடுத்துக்கொண்டு வருவம் எண்டு நினைக்கிறன்."